திரும்பி வருவதற்கான காசு

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைவதை முன்னிட்டு ஒப்புக்கொடுக்கப்படும் பூசைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் பங்கு மக்களுக்கும் அவருடைய தங்கை எழுதிக்கொள்வது. உங்களில் பலர் அக்காவோடு வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்கள். வழியில் வாங்கிய வாழைப்பழத்துக்குக்கூடக் கணக்குச் சொல்லச் சொல்லி உங்களை ஒரு வழி பண்ணியிருப்பார். "டீச்சரோட போனா மாதாவைப் பார்க்கலாம், சோடாவைப் பார்க்க முடியாது" என்று எங்கள் பங்கில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அக்கா ஏன் அப்படி ஆனார் என்று என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் இதுநாள் வரை மழுப்பலாகத்தான் பதில் சொல்லி வந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. அவர் உத்தரவை மீறி அவர் முன்னால் நடமாடும் தைரியம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது சாந்தோமில், கடல் காற்றில் கதவுக் கீல்கள் துருப்பிடித்துப் போகிற ஒரு சந்தில். எங்கள் தந்தையாரை நாங்கள் நைனா என்போம். அவர் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நான் நடை பழகிக்கொண்டிருந்தபோதே கம்பெனி அவரை ரங்கூனுக்கு அனுப்பிவிட்டது. மாதம் ஒரு மணியார்டர், வருஷத்துக்கு ஒரு தரம் அவர், இப்படித்தான் நைனாவை எனக்குத் தெரியும். வீட்டில் நைனாவின் இடத்தில் இருந்தது அக்காதான். கன்னியாஸ்திரீகளிடம் படித்து, பயிற்சியும் முடித்து, பங்குப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சரானார். கண்டிப்பானவர், ஆனால் கையை ஓங்கிப் பார்த்ததில்லை. ஒரு பார்வை பார்ப்பார், அதுவே போதும்.

வீட்டைவிட்டு எங்கே கிளம்பினாலும் அக்கா காசை மூன்றாகப் பிரிப்பார். போகிற காசு, வருகிற காசு, ஆபத்துக் காசு. போகிற காசு கையில் இருக்கும். வருகிற காசு ரவிக்கைக்குள். ஆபத்துக் காசு எங்கே இருக்கும் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் எங்கள் அம்மா. அம்மா செலவாளி அல்ல. தனக்கென்று ஒரு நல்ல புடவை எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் கோயில் உண்டியலையும், கோயில் வாசலில் கையேந்தி உட்கார்ந்திருப்பவர்களையும் கண்டுவிட்டால் அவர் கையில் காசு நிற்காது. ஒரு முறை சைதாப்பேட்டைச் சின்னமலைத் திருநாளுக்கு எங்களை அழைத்துப் போய், திரும்பி வருவதற்கு வைத்திருந்த காசையும் மாதாவுக்கே போட்டுவிட்டார். சைதாப்பேட்டையிலிருந்து சாந்தோம் வரை வெயிலில் நடந்தோம். பாதி வழியில் நான் தூங்கிவிட, அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். அப்போது அவரே சின்னப் பெண். அதற்குப் பிறகு வீட்டுக் காசு அக்காவின் கைக்கு வந்தது.

டிராமில் போவதென்றாலும் அக்காவுக்கு ஒரு வழி இருந்தது. லஸ் முனையில் ஏறமாட்டார். ராயப்பேட்டை வரை நடந்து அங்கே ஏறுவார். அதில் மிச்சமாகிற காலணாவுக்காக எங்கள் செருப்பு தேய்வது அவர் கணக்கில் வராது என்று நான் முணுமுணுப்பேன். "செருப்பு போட்டுக்கினு நடக்கறியே, அதுக்கே சந்தோஷப்படு" என்பார்.

பிறகு ஜப்பான்காரனோடு சண்டை வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தது. மணியார்டர் நின்றது. கடிதமும் நின்றது. அங்கிருந்து கப்பலில் தப்பி வந்தவர்கள் துறைமுகத்தில் இறங்குவதாகக் கேள்விப்பட்டு அக்கா பல நாள் போய் நின்றார். இறங்குகிறவர்களிடம் நைனாவின் பேரைச் சொல்லிக் கேட்பார். ஒருவர் பார்த்தேன் என்பார், இன்னொருவர் அந்தப் பேட்டையே எரிந்துவிட்டது என்பார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பார்த்தேன் என்றவர் சொன்னதை மட்டும் சொல்வார். எங்கள் தெருவில் யார் வீட்டு வாசலில் தபால்காரர் நின்றாலும் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். நான் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். இன்றைக்கும் தபால்காரரைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது, என் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த நாட்களில்தான் அக்கா ரயில் காசு சேர்க்கத் தொடங்கினார். "நைனா எங்க வந்து இறங்கினாலும் போய்க் கூட்டிக்கினு வரணும். அன்னைக்குப் போய்க் காசுக்கு அலைய முடியாது" என்றார். எங்கே இறங்குவார் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ரொம்பத் தூரமாக இருக்கக்கூடிய கல்கத்தாவையே மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டார். ஒருவர் போக வேண்டும், இருவர் திரும்ப வேண்டும். பள்ளிச் சம்பளத்தில் வீடு ஓடுவதே பாடு. அதனால் அடையாற்றில் ஒரு வக்கீல் வீட்டுப் பெண்களுக்கு இங்கிலீஷும், தியாகராய நகரில் ஒரு கண்டிராக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே. இரண்டுக்கும் நடைதான். அடையாற்றுப் பாலத்தின் மேல் வரும்போது காற்றில் குடை திரும்பிக்கொள்ளும் என்று மழை பெய்தாலும் குடை விரிக்கமாட்டார். நனைந்து வருவார். அம்மாவின் காதில் இருந்த தோடும் அந்த நாட்களில்தான் காணாமல் போனது. அதை விற்கச் சொன்னதே அம்மாதான்.

சேர்ந்த பணத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த கவலை. தபால் ஆபீசில் போட்டால் எடுக்க நாளாகும். அக்காவுக்கோ செய்தி வந்த அன்றைக்கே ரயிலேற வேண்டும். வீட்டில் வைக்கப் பயம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதிப் பேர் ஊரைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். பூட்டிக்கிடந்த வீடுகளில் திருட்டு. விளக்கு வெளியே தெரியக்கூடாதென்று ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள். திருடனுக்கு அது வசதி. இதற்கெல்லாம் மேலே அம்மா. பெட்டியில் பணம் இருப்பது தெரிந்தால், நைனாவுக்காக ஊரிலுள்ள கோயிலுக்கெல்லாம் நேர்ச்சை போட்டுவிடுவார்.

அக்கா ஒரு வேலை செய்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், உத்தரியம் என்பது நம்மவர்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிற பொருள். மந்திரித்த பழுப்புத் துணித் துண்டு இரண்டை நாடாவில் கோத்து, மார்பிலும் முதுகிலும் தொங்குமாறு அணிவது. குளிக்கும்போதுகூடச் சிலர் கழற்றமாட்டார்கள். அக்கா தன் உத்தரியத்தைப் பிரித்து, போகிற காசை மடித்து உள்ளே வைத்து, மெழுகுத் துணி சுற்றித் தைத்து மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார். வருகிற காசை, அதுதான் பெரிய தொகை, நைனாவின் பழைய உத்தரியத்துக்குள் தைத்தார். நைனா கடைசியாக வந்தபோது கழற்றி, வீட்டுப் பீடத்தில் திருஇருதயப் படத்தின் கீழே ஆணியில் மாட்டிவிட்டுப் போனது அது. "உத்தரியத்தைத் திருடறவன் இன்னும் பொறக்கல பாப்பா" என்று என்னிடம் மட்டும் சொன்னார். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

தவக்காலம் நெருங்கியது. சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுகிற சாம்பலுக்காக, போன வருஷம் குருத்து ஞாயிறன்று மந்திரித்து வாங்கிய ஓலைகளை எல்லாரும் கோயிலில் கொண்டுவந்து கொடுக்கும்படி பூசையில் அறிவித்தார்கள். கிழிந்த செபமாலை, நைந்த உத்தரியம் இருந்தாலும் தரலாம், மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார்கள். இது நாம் காலங்காலமாகச் செய்துவருவதுதான். அக்காவும் அந்த அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். எங்கள் இருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள். பிள்ளைகள் குறைந்துபோனதால் பள்ளிக்கூடம் அரை நாள்தான். அக்கா வீட்டுக்குள் நுழையவும் தபால்காரர் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. கல்கத்தாவிலிருந்து ஒரு கார்டு. அகதிகளைப் பார்த்துக்கொள்கிற கன்னியாஸ்திரீ மதர் ஒருவர் இங்கிலீஷில் எழுதியிருந்தார். நைனா பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் படகிலுமாக வந்து சேர்ந்துவிட்டார், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இருக்கிறது, தனியாகப் பயணம் செய்யும் நிலையில் இல்லை, இங்கே இடமும் இல்லை, மருந்தும் இல்லை, வீட்டார் யாராவது சீக்கிரம் வந்து அழைத்துப் போகவும். சீக்கிரம் என்பதன் கீழே கோடு போட்டிருந்தது.

"கீறாரு! உயிரோட கீறாருடி!" என்று அம்மா தரையில் விழுந்து மாதாவே மாதாவே என்று அழுதார். நானும் அழுதேன். அக்கா அழவில்லை. நேரே பீடத்துக்குப் போய் ஆணிப்பக்கம் கையை நீட்டினார். அங்கே தொங்கியது புத்தம் புது உத்தரியம்.

"அம்மா, நைனாவோட பழைய உத்தரியம் எங்க?"

"அதுவா? நைஞ்சு போய்க் கெடந்துதே, காலைல ஓலையோட கோயில்ல குடுத்துட்டேன். அவரு பேருக்குப் புதுசா ஒண்ணு சாமியாரான்ட மந்திரிச்சு வாங்கியாந்து மாட்டினேன். பாருடி, மாத்தி ஒரு வேளை ஆவல, கார்டு வந்துட்சு! மாதா கண்ணைத் தொறந்துட்டா."

அக்கா அந்தப் புது உத்தரியத்தை ஆணியில் நேராக்கி மாட்டினார். பிறகு, "ஆமாம்மா. நான் கோயிலுக்குப் போய்ட்டு வந்துடறேன். பாப்பா, நீயும் வா" என்றார்.

சந்து முனை வரை நடந்தோம். முனை திரும்பியதும் அக்கா ஓடினார். டீச்சர் தெருவில் ஓடுவதைப் பார்த்து ஆட்கள் நின்றார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். கோயிலுக்குப் பின்பக்கம் போகும்போதே புகை வாசனை வந்தது. மணியடிக்கிற கோயில்பிள்ளை அந்தோணியண்ணன் உட்கார்ந்து ஓலைச் சாம்பலைத் துணியில் சலித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலைல எங்கம்மா ஓலையோட ஒரு உத்தரியம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்களே. ஓலையோட துணியைச் சேர்த்தா சாமியார் கத்துவாரும்மா. அதனால எல்லாத் துணியையும் தனியா கொளுத்திட்டேன். மந்திரிச்ச பொருளு, கால்ல மிதிபடக் கூடாதுன்னு சாம்பலைக்கூட அதோ மரத்தடியில பொதைச்சுட்டேன். இன்னா டீச்சரம்மா, நைனாவைப் பத்தி எதுனா சேதி வந்துதா?"

"வந்துது அண்ணே. உயிரோட இருக்காரு."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுறே?"

அப்போதுதான் நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். "சந்தோஷந்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டார். மரத்தடியில் போய், புதிதாக மூடியிருந்த மண்ணைப் பார்த்தபடி நின்றார். தோண்டிப் பார்க்கவில்லை. தோண்டி என்ன ஆகப்போகிறது?

"போறதுக்குக் கழுத்துல கீது" என்றார் திரும்பும்போது. "வர்றதுக்குத்தான் இல்ல. சாயங்காலம் மெயில் புடிக்கணும். பாப்பா, கேட்டுக்கோ. அம்மாவான்ட ஒரு வார்த்தை மூச்சு விட்டே, அப்புறம் நான் உன் அக்கா இல்ல."

"ஏன்க்கா? அவங்கதானே..."

"அவங்க இன்னா தெரிஞ்சா பண்ணாங்க? இன்னைக்கு இது காதுல விழுந்தா, நைனா வர்றதுக்குள்ள அம்மா படுத்துடுவாங்க. வாயை மூடு."

எனக்கு அம்மாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எத்தனை மழையில் நனைந்து சேர்த்த பணம்! ஆனால் கோபித்துக்கொள்ள நேரமில்லை. அக்கா அன்றைக்குத்தான் முதல் முறையாக, கையிலிருந்த ஆபத்துக் காசையே போட்டு ஜட்கா வைத்தார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அடையாற்று வக்கீல் வீட்டுக்குப் போனோம். வெளிக் கதவில் பூட்டு. காவல்காரர், "அய்யா குடும்பத்தோட ஊருக்குப் போய்ட்டாருங்க, எப்ப வருவாருன்னு சொல்லல" என்றார். ஒரு மாதச் சம்பளம் அந்தப் பூட்டுக்குப் பின்னால் நின்றுபோனது. அங்கிருந்து தியாகராய நகர். அங்கேயும் வாசலில் மூட்டை முடிச்சு. நல்ல வேளை, கண்டிராக்டர் வீட்டம்மா இன்னும் வண்டியேறவில்லை. மாதம் முடியவில்லையே என்று இழுத்தார். அக்கா, நைனாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதும் உள்ளே போய் முழுச் சம்பளத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது செய்தி எங்களுக்கு முன்னால் தெருவெல்லாம் பரவியிருந்தது. பட்டினப்பாக்கத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிற பொன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் காத்திருந்தார். "இன்னா டீச்சரு, நைனா வந்துட்டாராமே! வழிச் செலவுக்கு இத்த வச்சுக்கோ. அவரு வந்து குந்தினப்புறம் குடு, போதும்" என்று சுருக்குப் பையைக் கவிழ்த்து, மீன் வாசனையோடு இருந்த சில்லறையை அக்காவின் கையில் கொட்டினார். யாரிடமும் ஒரு காலணா கைமாற்று வாங்காத அக்கா அதை வாங்கிக்கொண்டார்.

"போதுமாக்கா?" என்று அடுப்படியில் வைத்துக் கேட்டேன்.

"ஆகும்" என்றார். நான் நம்பினேன்.

சென்ட்ரலில் அன்றைக்கு இருந்த கும்பலை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கும். ஊரைவிட்டுப் போகிறவர்கள் அண்டாவும் தொட்டிலுமாக மூன்றாம் வகுப்பில் முட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பெண்கள் பெட்டியில் எப்படியோ ஓர் ஓரத்தைப் பிடித்துவிட்டார். மடியில் புளிச்சோறு, அவல், ஒரு கூஜா தண்ணீர். வழியில் எதுவும் வாங்கப்போவதில்லை. அம்மா புது உத்தரியத்தைக் கொடுத்து, "போன ஒடனே அவரு கழுத்துல போட்டுடு" என்றார். அக்கா அதைக் கண்ணில் ஒற்றித் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார். "தந்தி கிந்தின்னு எதுவும் எதிர்பாக்காதீங்க, அதெல்லாம் வீண் செலவு. கல்கத்தா மெயில்லதான் வருவோம். வந்து பாத்துக்கினு இருங்க" என்றார்.

வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கல்கத்தா மெயில் வருகிற நேரத்துக்கு நானும் அம்மாவும் சாந்தோமிலிருந்து நடந்தே சென்ட்ரலுக்குப் போவோம். இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்போம். வண்டி காலியானதும் திரும்பி நடப்போம். வழியெல்லாம் அம்மா செபமாலை சொல்லுவார். நான் பதில் சொல்ல வேண்டும். வாய் பதில் சொல்லும், மனசு மட்டும் அந்த மரத்தடிச் சாம்பலிலேயே நிற்கும்.

ஒரு காலையில் நைனா வந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. அதே வண்டியில் ஊர் திரும்பிய ராயபுரத்துக்காரர்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கி இறக்கினார்கள். எலும்பும் தோலுமாக ஓர் ஆள், கழுத்தில் மட்டும் புத்தம் புது உத்தரியம். அம்மா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். பெண்கள் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். வண்டி முழுவதும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தேன்.

"பெரியவ வரல" என்றார் நைனா. "மதருங்களுக்கு ஒத்தாசையா கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்னா. எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்து, இந்தத் தம்பிங்களோட ஏத்தி வுட்டா."

அந்தப் பிளாட்பாரத்தில் எனக்கு மட்டும்தான் விஷயம் புரிந்தது. அடையாற்றுப் பணம் வந்திருந்தால் இரண்டு டிக்கெட். வரவில்லை, ஆகவே ஒன்று. திரும்பி வருகிற காசு ஓர் ஆளுக்குத்தான் இருக்கிறது என்பது தெரிந்தேதான் அக்கா வண்டியேறியிருக்கிறார். போதும் என்று என்னிடம் சொல்லவில்லை, "ஆகும்" என்றுதான் சொன்னார். நைனாவைக் கொண்டுவருகிற காரியம் ஆகும் என்பதுதான் அதன் அர்த்தம் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

"இது இன்னாடி கூத்து? பெத்த அப்பனை யாரோடயோ ஏத்தி வுட்டுட்டு அங்க இன்னா ஒத்தாசை?" என்று அம்மா கேட்டபோது எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அந்தத் தவக்காலம் முழுவதும் அதை விழுங்கிக்கொண்டேதான் இருந்தேன். நைனா கஞ்சி குடித்து எழுந்து உட்கார ஆரம்பித்தார். அக்காவிடமிருந்து ஒரே ஒரு கார்டு வந்தது. சுகமாக இருக்கிறேன், வேலை இருக்கிறது, பொன்னியம்மாவுக்கு விரைவில் கொடுத்துவிடுவதாகச் சொல்லவும். அவ்வளவுதான். அங்கே என்ன சாப்பிடுகிறார், எங்கே படுக்கிறார், எதுவும் இல்லை. அடுத்த குண்டு கல்கத்தாவில்தான் என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் இல்லை, சென்னையில்தான் என்றார்கள்.

ஈஸ்டர் பிறந்தது. அதையொட்டி விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்துவிட்டது என்ற செய்தி வந்தது. அக்காவின் ரயில் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அவசிய வேலை இல்லாதவர்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விடும்படி சர்க்காரே சொல்லிவிட்டது. எங்கள் சந்தில் வீடு வீடாகப் பூட்டு விழுந்தது. மயிலாப்பூரில் கடைகள் அடைத்துக்கிடந்தன. உறவினர்கள் வண்டியோடு வந்து எங்களையும் கூப்பிட்டார்கள். "என் பொண்ணு வந்து பூட்டின கதவைப் பாக்கணுமா? நாங்க வரல" என்று அம்மா மறுத்துவிட்டார். சைரன் சத்தம் கேட்டால் அக்கா அங்கே, நாங்கள் இங்கே, யார் முதலில் என்றுதான் நினைப்பு ஓடும். அம்மாவைப் பார்த்தால் எரிச்சல், நைனாவைப் பார்த்தால் பாவம். அம்மாவோ ஒரு கலக்கமும் இல்லாமல், "அவரைக் கொண்டாந்த மாதா இவளைக் கொண்டாரமாட்டாளா?" என்பார்.

அந்தக் காலியான ஊருக்குள், எல்லாரும் வெளியே போய்க்கொண்டிருந்த வாரத்தில், ஒரு மத்தியான வெயிலில் அக்கா எங்கள் சந்துக்குள் நடந்து வந்தார். முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. புடவையில் ரயில் கரி. சென்ட்ரலிலிருந்தே நடந்திருக்கிறார்.

"ஏண்டி, டிராம்ல வந்தா இன்னா?" என்றார் அம்மா, கட்டிக்கொண்டு அழுதுகொண்டே.

"காத்தாடுது டிராமு. அதுல ஒருத்தி ஏறி அவனுக்கு இன்னா லாபம்?" என்ற அக்கா, முதலில் கேட்டது நைனா கஞ்சி குடிக்கிறாரா என்று. அடுத்தது பொன்னியம்மா ஊரில் இருக்கிறாரா என்று. அன்றைக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். கல்கத்தாவில் அகதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தும், எழுதத் தெரியாத நம் ஊர்க்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும் இருந்திருக்கிறார். கடிதத்துக்குக் காசு வாங்கவில்லை. தையலுக்கு மதர்கள் கொடுத்ததைத்தான் டிக்கெட்டுக்குச் சேர்த்திருக்கிறார். இதையும் நான் துருவித் துருவித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா, வந்து பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "அவரு பழைய உத்தரியத்தைக் கோயில்ல குடுத்துட்டுப் புதுசை மாட்டினேன் பாரு, ஒரு வேளை ஆவல, கார்டு வந்துட்சு." பக்கத்தில் நின்ற அக்கா, "ஆமாம்மா" என்றார். அந்த வருஷம் மட்டுமல்ல. அம்மா உயிரோடிருந்த ஒவ்வொரு சாம்பல் புதனுக்கும், நெற்றியில் சாம்பலோடு கோயில் வாசலில் நின்று அதை யாருக்காவது சொல்லுவார். அக்காவைச் சாட்சிக்கு வேறு கூப்பிடுவார். அக்கா ஒரு தடவைகூடத் தவறாமல் "ஆமாம்மா" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நைனா தேறி, இங்கேயே ஒரு கடையில் கணக்கெழுதி, சில வருஷம் எங்களோடு நன்றாக இருந்து போய்ச் சேர்ந்தார். அக்கா தலைமை ஆசிரியை ஆனார். நம் பங்கு வேளாங்கண்ணிப் பயணங்களின் காசு அவர் பொறுப்பில் இருந்தவரை, ஒருவர்கூடத் திரும்பி வரக் காசில்லாமல் நின்றதில்லை. அம்மா நல்ல சாவாகப் போனார். கடைசி நாளிலும் நைனாவை மாதா கொண்டுவந்த கதையைத்தான் டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அக்கா இருதய நோயில் படுத்துவிட்டார். எழமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு தடவை அம்மாவான்ட சொல்லியிருக்கலாமேக்கா. நைனாவைக் கொண்டாந்தது நீதான்னு" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னைப் பழைய பார்வை பார்த்தார். "இப்ப அவங்க புருஷனை அவங்களே காப்பாத்துனாங்க. நான் சொல்லியிருந்தா, அவங்க புருஷனை அவங்களே சாவக் குடுக்கப் பாத்தாங்க. ரெண்டுல எது பாப்பா லாபம்? நான் கணக்குப் போட்டுட்டேன், நீ மறுபடி போடாதே" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமியாரிடம் அவஸ்தைப்பூசுதல் பெற்று, அமைதியாகப் போனார்.

அக்காவின் நோயில் துணையிருந்த டாக்டருக்கும், நர்சுகளுக்கும், வேளைக்கு வேளை கஞ்சி வைத்து அனுப்பிய அண்டை வீட்டாருக்கும், அடக்கச் சடங்கில் தோள் கொடுத்த பங்கு இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூடவே, கடனைத் திருப்பிக் கொடுத்தாலும் நன்றி என்று வாய்விட்டுச் சொல்ல அக்கா கூச்சப்பட்ட சிலருக்கும் இங்கே சொல்லிவிடுகிறேன். பட்டினப்பாக்கத்துப் பொன்னியம்மாவுக்கு. தியாகராய நகர் வீட்டம்மாவுக்கு. நைனாவைத் தாங்கி வந்த ராயபுரத்துத் தம்பிகளுக்கு. பேர் தெரியாத கல்கத்தா மதர்களுக்கு. டீச்சர் எதற்காக அழுதார் என்று கடைசிவரை தெரியாமலே போய்விட்ட அந்தோணியண்ணனுக்கும்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படிப்பவர்களில் வயதானவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு முன்னால் மேலே போய் அம்மாவைச் சந்திக்கப் போகிறவர்கள் யாரானாலும், இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அக்கா ஒரு வருஷமாக அங்கேதான் இருக்கிறார், இன்னும் சொல்லியிருக்க மாட்டார்.